குறுக்கே நீட்டிய கால்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, அச்சகத்தில் வேலை பார்க்கும் மகன், வீட்டிலேயே துணி தைக்கும் மருமகள், ஒரு வருடம் கழித்து வெளியூரிலிருந்து வந்திருந்த மகள், அவள் கணவர்.

வந்த அரை மணி நேரத்துக்குள் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அறையிலிருந்து வந்த அப்பா, கதவருகே நின்றார். அண்ணி தையல் மெஷினை விட்டு எழுந்து போய், அவர் பாதத்துக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே நீட்டினாள். அப்பா எப்படியோ விழாமல் தாண்டி வந்தார்.

மகளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரியும். கை நடுங்குகிறது, குரல் கம்மிவிட்டது என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்கா காலைக் குறுக்கே விடுவது? அப்பா முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை.

சாப்பிடப் போகும்போது சமையலறைக் கதவிலும் அதே கால்.

கணவரைத் தனியே அழைத்தாள். "நம்ம கண்ணு முன்னாடியே இப்படிக் காலை வாரி விடறா. நாம இல்லாதப்போ என்னென்ன பண்ணுவாளோ?"

"கேட்டுப் பார்க்கலாமே."

"கேட்டா ஒத்துக்குவாளா? அப்பாவை நம்மகூடக் கூட்டிட்டுப் போயிடலாம்."

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இனிமேல் தன்னோடு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அண்ணன் திருதிருவென்று விழித்தான். அண்ணி மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துப் பையில் வைத்தாள். அப்பா என்னவோ சொன்னார். அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை.

மூன்று பேருக்குச் சொன்ன டாக்சி வந்து நின்றது.

வாசலில் அப்பா நின்றுவிட்டார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். உடம்பு சாய்ந்ததே தவிர, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"என்னப்பா இப்படி அடம் பிடிக்கிறீங்க?" மகள் குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"அடமில்லே பாப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகலை. இழுத்தாலும் போகாது, தள்ளினாலும் போகாது. உங்க அண்ணியைக் கூப்பிடு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் பாதத்துக்கு முன்னால் காலை நீட்டினாள். "தாண்டுங்க மாமா."

அப்பா தாண்டினார். அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று டாக்சி வரைக்கும் நிற்காமல் போய்விட்டார்.

"கதவுகிட்ட வந்தா கால் உறைஞ்சிடும். எதிர்ல தாண்டறதுக்கு ஒண்ணு இருந்தா கிளம்பிடும்," என்றாள் அண்ணி. "ஆஸ்பத்திரியில நடைப் பயிற்சி கொடுக்கறவங்க சொல்லிக் கொடுத்தாங்க. அங்கே இனிமே நீதான் நீட்டணும். செருப்பைக் கழட்டிட்டு நீட்டும்மா, இடறிடப் போறார்."

மகளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்பாவிடம்தான் பேச்சு வந்தது. "நீங்களும் முகத்தை உம்முனு வச்சுக்கிட்டு இருந்தீங்களேப்பா."

"இந்த வியாதியில முகம்தான் சிரிக்காது பாப்பா. நீ வந்ததிலேருந்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சரி, நான் வீட்டுக்குள்ளே போகணும். யாராவது காலை நீட்டுங்க."

மகள் செருப்பைக் கழற்றினாள்.

டாக்சியில் ஏறியவர்கள் இரண்டு பேர். வீட்டில் மிச்சம் மூன்று.