கேடயத்தில் ஓர் ஓடு

2094 மார்ச் 6, தூத்துக்குடி கட்டுப்பாட்டு அறை. புதன் கோளை நெருங்கிய கலத்தின் வெள்ளை வெப்பக் கேடயத்தில் ஓர் ஓடு மட்டும் மற்றவற்றைவிட இருநூறு டிகிரி அதிகமாகச் சுட்டது.

அதன் பின்னால்தான் கலத்திலிருந்த ஐவரில் ஒருவனான இசக்கிராஜின் இருக்கை. திரையைக் கவனித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பேச்சியம்மை பக்கத்தில் திரும்பினாள்.

"சேர்மா, இந்த ஓட்டை மாட்டுனது நீதானல?"

கேடயம் பொருத்திய சேர்மன் திரையருகே வந்தான். "ஆமாக்கா, ஆயுத பூசைக்கு அதுல குங்குமப் பொட்டு வச்சேன். அன்னைக்கே துடைச்சிட்டேன்."

"எண்ணெயில குழைச்சியா?"

அவன் தலையசைத்தான். ஓட்டில் ஊறிய எண்ணெய் அந்த வெயிலில் கருகி, வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"கலத்தைத் திருப்பச் சொல்லுவோமாக்கா?"

"திருப்பினா எஞ்சின் வேற பக்கம் எரியும், பிரேக் பிடிக்காதுல. அஞ்சு பேரும் புதனைத் தாண்டிப் போயிருவாங்க. திரும்பி வர எரிபொருள் கிடையாது."

இருக்கையை விட்டு எழுந்துவிடும்படி கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். அவ்வளவு தூரம் அது போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும்; அதற்குள் பிரேக் பிடிக்கும் எஞ்சின் எரியத் தொடங்கிவிடும். எரியும்போது யாராலும் எழ முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணன் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பாராக்கா?"

"வாய மூடுல."

மாலையில் கலம் புதனைச் சுற்றத் தொடங்கியது. பெயர் சொல்லி அழைத்தபோது நால்வர் பதில் சொன்னார்கள்.