மூன்றாவது நிமிடம்

சரியாக மூன்றாவது நிமிடத்தில் கணினியில் ஆட்டம் திக்கத் தொடங்கும். துப்பாக்கியைத் திருப்புவதற்குள் பெர்சியாள் சுடப்பட்டுக் கிடப்பாள். இன்னொரு முறை திக்கினால் நாளை இறுதிப் போட்டியில் அவளுக்கு இடமில்லை என்று அணித்தலைவி சொல்லிவிட்டாள்.

“பிராசசர் பழசு. மாத்துன்னு எத்தனை தடவ சொல்றது?” என்றான், போன மாதம் கணினியைப் பூட்டித் தந்த அண்ணன் தேவசகாயம்.

“பழசுன்னா முதல் நிமிஷமே திக்கணும்லா? ரெண்டு நிமிஷம் மட்டும் எப்படிப் பறக்கு?”

“ஆமா, இவ பெரிய இஞ்சினியரு.”

ஆடிக்கொண்டே வெப்ப அளவைப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து டிகிரி. அந்தச் சூட்டில் பிராசசர் கருகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினியை அணைத்து, பிராசசர்மேல் இருந்த விசிறியைக் கழற்றிக் கவிழ்த்தாள். அதன் அடியில், சூட்டை உறிஞ்ச வேண்டிய செம்புத் தகட்டின்மேல் கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

“இத ஏண்ணே உரிக்கல?”

“விசிறி புதுசுல்லா... கீறல் விழுமேன்னு.”

“ஃபிரிட்ஜுக்குப் பண்ணுன மாதிரி இதுக்குமா! இவளுக்கு ஆடத் தெரியலன்னு ஒரு மாசமா ஊரெல்லாம் சொன்னியே!”

தாளை உரித்து அவன் மடியில் எறிந்தாள். சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி, விசிறியைப் பூட்டி, அரைமணி நேரம் ஆடினாள்; ஒருமுறைகூடத் திக்கவில்லை. அறுபத்தெட்டு டிகிரி. பழைய பிராசசரே போதும்.