மா ஒன்பதாயிரம்

நோட்டீசை நாலாகக் கிழித்துத் தாசில்தாரின் மேசைமேல் போட்டார் இராஜாங்கம். ஊராட்சி மன்றக் கட்டடமே கைதட்டியது.

கிழிக்காமல் என்ன செய்வது? பாபநாசத்தைச் சுற்றிப் போகப்போகும் புதுச் சாலைக்காக, விளைகிற நஞ்சையை எடுத்துக்கொண்டு, மாவுக்கு ஒன்பதாயிரம் என்று விலை போட்டிருந்தது அரசாங்கம். மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஒன்பதாயிரத்துக்கு ஒரு ஜோடி உழவு மாடுகூட வராது.

மற்ற நாளில் எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு கட்சிக் கரைவேட்டிகளும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. ஆனால் அதிகாரி முன்னால் வாய் திறக்க ஒரு ஆள் வேண்டுமே. அதற்கு இராஜாங்கத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஐந்து ஊரில் நிலம் வாங்கிப் போட்டிருப்பவர் அவர். அதில் முப்பது மா இப்போது சாலைக்குப் போகிறது. இருந்தாலும் நியாயமானவர் என்று பெயர்.

பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாளைக் கேட்டால் தெரியும். போன வருஷம் மகள் கல்யாணத்துக்காக அவள் கொஞ்சம் நிலத்தை விற்றபோது, மாவுக்கு நாற்பதாயிரம் வீதம் சுளையாக எண்ணிக் கொடுத்தார். பத்திரம் எழுதுவது, ஆபீசுக்கு அலைவது எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அவள் கைநாட்டு வைத்ததோடு சரி.

மிச்சமிருந்த மூன்று மாவும் இப்போது சாலைக்குப் போகிறது. அவள் புருஷன் வீரையன் குத்தகைச் சண்டையில் மண்டை உடைபட்டு, கடைசியில் மிராசுதாரிடமே கிரயம் வாங்கிய நிலம் அது. இருபத்தேழாயிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் ஒரு மாகூட வாங்க முடியாது. இனிமேல் அடுத்தவன் வயலில் கூலி நடவுக்குத்தான் போக வேண்டும். வயிறு எரியாதா?

தாசில்தார் சிவசங்கரன் கிழிந்த காகிதத்தை ஒதுக்கி வைத்தார். விலையைத் தான் இஷ்டத்துக்குப் போடவில்லை என்றார்.

"வாய்ப்பேச்சு விலையெல்லாம் எங்ககிட்ட செல்லாதுங்க. உங்க ஊர்ல கடைசியா பதிவான கிரயப் பத்திரத்துல என்ன விலை இருக்கோ, அதுதான் எல்லாருக்கும்."

"ஒம்பதாயிரத்துக்கு எவன் சார் விப்பான்? நானே நாப்பது குடுத்து வாங்கியிருக்கேன். ஊரே சாட்சி."

ஊர் ஆமாம் என்றது. தாசில்தாரையே யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். பொய்ப் பத்திரமாக இருக்கும், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர்.

சிவசங்கரன் காகிதக் கட்டைப் பிரித்து ஒரு நகலை எடுத்தார். வாய்க்காலை ஒட்டிய நஞ்சை அறுபத்தாறு சென்ட், அதாவது இரண்டு மா, மொத்தக் கிரயம் பதினெட்டாயிரம் என்று படித்தார். விற்றவர் கையெழுத்துக்குப் பதில் இடதுகைப் பெருவிரல் ரேகை என்று சொல்லி, அடுத்த வரிக்குப் போவதற்குள் இராஜாங்கம் மேசையை ஓங்கி அறைந்தார்.

"ஊரு நிலத்தையே தவிட்டு விலைக்குக் கொண்டாந்து விட்டுட்டான் பாவி. அந்த வெரல நறுக்கணும்."

கூட்டம் எழுந்து நின்றது. நறுக்கத்தான் வேண்டும் என்று இரண்டு கட்சிக் கரைவேட்டிக்காரர்களும் சேர்ந்தே சொன்னார்கள்.

பின்னாலிருந்து ரெங்கம்மாள் எழுந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இடதுகைப் பெருவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, இராஜாங்கத்துக்கு நேராக மேசைமேல் வைத்தாள்.

"நறுக்குங்கய்யா. ஸ்டாம்பு செலவு மிச்சம்னு பத்திரத்துல மாவுக்கு ஒம்பதாயிரம் போடச் சொன்னது நீங்கதான்."