தேவமணி

கழுத்து முடியில் ராசியான தேவமணிச் சுழி இருக்கிறது என்பதற்காகத்தான் என் வீட்டுக்காரர் தவசியப்பன் அந்தக் குதிரையை வாங்கினார். அதே சுழியில்தான் கட்டி கிளம்பியது. மிளகளவு இருந்தபோதே மாட்டு டாக்டர் வந்து, “இப்பவே வெட்டி எடுத்துடலாம்” என்றார். “சுழியில கத்தி வச்சா என் வீடு விளங்குமா?” என்று இவர் அவரைத் திருப்பி அனுப்பினார். கட்டி எலுமிச்சம்பழமாகி, உடைந்து, புண்ணானது. அதன்மேல் மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்தார். கல்யாண ஊர்வலங்களில் ஆட்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஈக்களுக்கு மட்டும்தான் அது புண் என்று தெரிந்திருந்தது.

நேற்று மத்தியானம் அரிப்புத் தாங்காமல் குதிரை லாயத்துத் தூணில் கழுத்தைத் தேய் தேயென்று தேய்த்துவிட்டது. சுழி இருந்த தோல் பிய்ந்து தூணோடு ஒட்டிக்கொண்டது. ரத்தம் சொட்ட நடுங்கிக்கொண்டு நின்ற குதிரையை இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூணில் ஒட்டியிருந்த தோலை நகத்தால் பெயர்த்து, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“ஏங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினேன்.

“எதுக்கு?” என்றார். “சுழிதான் நம்மகிட்ட இருக்கே. குதிரையை வித்துடலாம்.”