லேட்டண்ணன் இருந்த இடம்

தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தார் லேட்டண்ணன்.

மேடையில் அவருடைய டிரம்ஸ். அதன் பின்னால் வேறொருத்தன்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த மறுமாதமே, குழுவின் பாடகனான அவருடைய தம்பி வீட்டுக்கு வந்தான். தரையைப் பார்த்தபடியே பேசினான்.

“ஷோ எல்லாம் புக் ஆயிடுச்சுண்ணா. புதுப் பையன் உன்ன மாதிரியே வாசிக்கிறான். நீ ரெஸ்ட் எடு.”

அவரைப் போலவா? வாசித்துக் கிழித்தான்! அன்றைக்குத் தலையாட்டி அனுப்பிவைத்தாரே தவிர, மனசு ஒப்பவில்லை. தம்பியும் அவரும் சேர்ந்து ஒண்டிக் குடித்தன அறையில் ஆரம்பித்த குழு அது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. பயல் நன்றாகத்தான் வாசித்தான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் லேட்டண்ணனின் இடது கை பேண்ட் பைக்குள் இன்னும் இறுகியது.

அந்தப் பாட்டு வந்தது.

அதில் தம்பி உச்சத்துக்குப் போய் நிறுத்துவான். உடனே டிரம்ஸில் ஓர் அடி, அடுத்த வரி. முதல் கச்சேரியிலேயே அந்த அடியைத் தாமதமாகப் போட்டார். தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான், கூட்டமும் சிரித்தது. அன்றிலிருந்து எல்லாக் கச்சேரியிலும் அதே இடத்தில் கோட்டை விட்டார். சொதப்பியே ‘லேட்டண்ணன்’ என்று பேர் வாங்கிய டிரம்மர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இந்தப் பயலோ கடிகாரம். சரியான நேரத்தில் அடித்துத் தொலைப்பான்.

தம்பி உச்சத்தைத் தொட்டு நிறுத்தினான்.

புதியவன் குச்சியைத் தூக்கினான். அடிக்கவில்லை.

தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கூட்டம் ஹோவென்று கத்தியது. அப்புறம்தான் அடி விழுந்தது.

பக்கத்தில் நின்றவன் அவர் தோளை இடித்தான். “பாத்தீங்களா சார்? தப்பு முதற்கொண்டு அப்படியே லேட்டண்ணன்! ஆள் மாறினதே தெரியல!”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். கண் நிறைந்து, மேடை விளக்கெல்லாம் கலங்கித் தெரிந்தது. தப்பைக்கூட அவருக்கென்று விட்டுவைக்கவில்லை.

அது தப்பே இல்லை.

முதல் கச்சேரியில் அந்த உச்சத்துக்குப் பிறகு தம்பிக்கு மூச்சு வரவில்லை. முதுகு விம்மியதைப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மட்டும்தான் பார்த்தார். அவன் மூச்சு வாங்கட்டும் என்று குச்சியைப் பிடித்து வைத்தார். ஊரே சிரித்தபோது அவரும் அசடு வழியச் சிரித்துவைத்தார். தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவன் பாடவே பயந்துவிடுவான்.

சில நாள் மூச்சு சீக்கிரம் வராது. அன்றைக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் தாமதிப்பார். அது பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய புதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

பாட்டு முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையின் பின்பக்கம் போனார். பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து விரித்தார். தம்பிக்கான ஆஸ்துமா இன்ஹேலர் வியர்வையில் நனைந்திருந்தது. அவன் எப்போதும் தன்னுடையதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவான். அவசரத்துக்கென்று டிரம்ஸுக்குக் கீழே இவர்தான் ஒன்றை வைத்திருப்பார்.

இடைவேளைக்கு இறங்கி வந்த புதுப் பையனின் கையில் அதை வைத்து, விரல்களை மூடிவிட்டார்.