நாற்பத்திரண்டாவது கையெழுத்து

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூர் மைதானத்தில் மாவட்ட லீக் ஆட்டத்தின் இடைவேளை. கால்பந்து சங்கத் தலைவர் சீனிச்சாமி பதவி விலக வேண்டும் என்று எழுதிய மனுவில் அதற்குள் நாற்பத்தொரு கையெழுத்து விழுந்திருந்தது.

மனுவை வைத்திருந்த சுருளிவேல், ஊன்றுகோலோடு களத்துக்குள்ளேயே வந்துவிட்டார். போடி அணியில் கேப்டன் சிவக்குமார் உட்பட ஆறு பேர் போட்டாயிற்று. மிச்சம் பதினேழாம் நம்பர்காரர்.

“நீங்களும் போட்டுட்டா சோலி முடிஞ்சிரும்ணே.”

பதினேழு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். “கடைசி விசில் அடிக்கட்டும் சுருளி. போட்டுத் தர்றேன்.”

போடி அணிக்கு அன்று ஏழு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அதிலும் ஒருவர் குறைந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். இந்த சீசனில் ஏற்கெனவே ஒரு முறை ஆள் சேராமல் ஆட்டத்தை விட்டாயிற்று. இன்னொரு முறை விட்டால் லீக்கிலிருந்து சங்கத்தின் பெயரையே அடித்துவிடுவார்கள். ஐம்பத்தாறு வருஷத்துப் பெயர். எதிரே பதினோரு பேரோடு வந்திருந்த கம்பம் அணி முதல் பாதியிலேயே ஐந்து கோல் போட்டிருந்தது.

பதினேழுக்கு வயது ஐம்பத்து மூன்று. காலில் கிடந்த பூட்சு மச்சினனுடையது, ஒரு சைஸ் பெரிது. பந்தைத் துரத்தும் ஆசை பத்து நிமிடத்திலேயே போய்விட்டது. தொண்ணூறு நிமிடமும் கோட்டுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேலை.

இரண்டாம் பாதி தொடங்கியதும் சுருளிவேல் கேலரியில் நின்று மனுவை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மைதானத்துக்குப் புல் போடாமல் கேலரிக்குத் தன் பெயரில் வளைவு கட்டினார் சீனிச்சாமி. ஜீப்பு ஓட்டுகிறவர்களும் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறவர்களும்தான் இங்கே ஆட்டக்காரர்கள். அவர்கள் வேலைக்குப் போடிமெட்டு மலை ஏறுகிற காலை ஆறு மணிக்குத்தான் பயிற்சி என்று ஒன்பது வருஷமாகப் பிடிவாதம் பிடித்தார். வராதவர்களை ஆட்டத்திலிருந்து நீக்கினார். ஆட்டக்காரர் பந்தலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்காக வருஷா வருஷம் அணிப் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் மலை தாண்டி கேரளாவில் செவன்ஸ் ஆடப் போய்விட்டார்கள்.

ஆட்டத்தில் சுருளிவேலின் முழங்கால் பிய்ந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக சங்கத்து ஜீப்பு இல்லை. அது வளைவுத் திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் போயிருந்தது.

“கேரளாவுல போயி ஏழு பேரு ஆட்டம் ஆடுறானுக. சீனிச்சாமி அத இங்கயே கொண்டாந்துட்டாருப்பா,” என்று ஒருவர் சொல்ல, கேலரி சிரித்தது. வளைவுக்குக் கீழே தலைவரின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

பதினேழு திரும்பிப் பார்க்கவில்லை. சீனிச்சாமியின் நிர்வாகத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழங்கால் விஷயம் மட்டும், சுருளிவேல் படித்து முடித்த பிறகும் காதை விட்டுப் போகாமல் இருந்தது.

எழுபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. அப்படியே மண்ணில் சரிந்தார். கம்பம் கேப்டன் ஓடிவந்து குனிந்தார்.

“படுத்துருங்க பெரியவரே. வெரசா முடிச்சுட்டுப் போவோம். எங்களுக்கே பாவமா இருக்கு.”

“கோல எத்தன வேணாலும் போட்டுக்க தம்பி,” என்று சொல்லிக்கொண்டே பதினேழு கையை ஊன்றினார். “பேர விட மாட்டோம்.”

சிவக்குமார் பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

“நிக்க முடியுமா?”

“ம்.”

“அப்ப நில்லுங்க.”

நின்றார். எட்டாவது கோல் அவர் கால்களுக்கு நடுவே போனது. ஒன்பதாவது போனபோது அவர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேலரியில் சிரிப்பு எப்போதோ அடங்கியிருந்தது. “நில்லுய்யா பதினேழு, நில்லு,” என்று ஒரு குரல் வந்தது. அது ஏச்சா, ஆதரவா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் நிற்கத்தான் போகிறார்.

விசில் அடித்தது. கம்பம் பதினொன்று, போடி பூஜ்யம். சங்கத்தின் பெயர் லீக்கில் இருந்தது.

கோட்டோரம் மல்லாந்து கிடந்தவரிடம் சுருளிவேல் வந்தார். கேட்பதற்கு முன்பே பதினேழு கையை நீட்டி மனுவை வாங்கி, நாற்பத்தொரு பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, வியர்வையில் ஒட்டிக்கொண்ட சட்டையை உரித்தெடுத்து, மனுவோடு சேர்த்து நீட்டினார்.

சுருளிவேல் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“தலைவர் பதவியத்தான் கேட்டோம், சீனிச்சாமிண்ணே. சட்டையத் தொவச்சு வைங்க, அடுத்த ஞாயிறும் ஆறு பேருதான் இருக்காங்க.”