ஆவுடையப்பனின் அரிசி

பூட்ஸ் அவனுக்குச் சரியாகப் பொருந்தியது. அதுதான் கொடுமை.

ஆவுடையப்பனின் காலிலிருந்து சற்றுமுன் கழற்றியது. அவனுடைய சொந்த பூட்ஸ் நேற்றே அடி பிளந்து வாயைத் திறந்துவிட்டது. கால்விரல்கள் வெளுத்துப்போய், கிள்ளினால்கூடத் தெரியவில்லை. இன்னொரு ராத்திரி அதோடு நடந்தால் காலை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஹவில்தார் மாசானமுத்து சொல்லியிருந்தார்.

"அவனுக்கு இனிமே எதுக்குலே பூட்ஸு? நீ போடு."

போட்டுக்கொண்டான்.

படை பின்வாங்கிய குழப்பத்தில் மூவர் மட்டும் வழி தவறி, எதிரி பிடித்துவிட்ட மலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். நேற்று இருட்டும் நேரத்தில், யாரோ இடையன் கல்லடுக்கிக் கட்டிய ஆட்டுக்கொட்டில் ஒன்று கிடைத்தது. இரவில் தீ மூட்டினால் கீழே சாலையில் தெரிந்துவிடும். மூட்டவில்லை.

"நீங்க கண்ணசருங்க அண்ணாச்சி, நான் முழிச்சிருக்கேன்" என்று ஆவுடையப்பன் வாசலில் உட்கார்ந்தான்.

தூக்கம் வராமலிருக்க அரிசி மென்றான். சப்பாத்தி தின்று நாக்கு செத்துப்போச்சு என்று புலம்புகிறவன் அவன். கோட்டுப்பையில் எப்போதும் பச்சரிசி இருக்கும்.

"அரிசியைத் திங்காதலே, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று ஹவில்தார் திட்டுவார்.

"பொண்ணு கெடைக்கட்டும் அண்ணாச்சி. நனைஞ்சுக்கிட்டே தாலி கட்டுதேன்."

நறுக் நறுக்கென்று மூன்று மெல்லு, ஒரு நிறுத்தம். அதுதான் ஆவுடையப்பனின் வழக்கம். முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவன், நேற்று அதைக் கேட்டபடியே தூங்கிவிட்டான்.

சத்தம் எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரியாது.

விடிந்தபோது ஆவுடையப்பன் உட்கார்ந்தபடியே இருந்தான். மடி நிறையப் பனி.

ஹவில்தார் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நாடி பார்த்தார். அவர் விரலுக்கே உணர்ச்சி இல்லை. உடம்பு சில்லென்று விறைத்திருந்தது. அவர்கள் ஊர் வெயிலில் ஓர் உடம்பு இப்படிச் சில்லிட்டால், அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

"போயிட்டாம்லே."

உள்ளே தூக்கி வந்து, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மடங்கிய கால்களை நீட்டப் பெரும்பாடு பட்டார்கள். தன் கிழிந்த பூட்ஸின் கயிற்றால் ஆவுடையப்பனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் அவன் சேர்த்துக் கட்டினான். தலையைத் தெற்கே வைக்க வேண்டும். தெற்கு எது? வானத்தில் சூரியனையே காணோம். தெற்கு தெரிந்திருந்தால் இங்கே ஏன் கிடக்கிறார்கள்? ஏதோ ஒரு பக்கமாக வைத்தார்கள்.

வாய்க்கரிசிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கோட்டுப்பையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஹவில்தார் உதட்டைப் பிரித்து உள்ளே போட்டார். அவனும் போட்டான். போட்டுவிட்டு வாய்விட்டு அழுதான்.

மழைக்கோட்டால் முகத்தை மூடினார்கள்.

கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. புரியாத பாஷையில் யாரோ சிரித்தார்கள். இருட்டியதும் அந்தச் சாலையைத் தவழ்ந்து கடக்க வேண்டும். கடந்துவிட்டால் நம் ஆட்கள். இரண்டு பேர் கடக்கலாம். ஓர் ஆளைச் சுமந்துகொண்டு கடக்க முடியாது. நல்லவேளை, பிணத்தைச் சுமக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

மூலையில் காய்ந்த ஆட்டுப்புழுக்கை குவிந்திருந்தது. பகலில் பற்றவைத்தார்கள். புகையும் பனிமூட்டமும் ஒரே நிறம், வெளியே தெரியாது. கொட்டில் சின்னது. அனல் மூவருக்கும் பொதுவாகத்தான் அடித்தது.

பிணத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது.

நறுக்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"எலி" என்றார் ஹவில்தார்.

எலிதான் என்று அவனும் தலையாட்டினான். இந்தப் பனியில் எலி எங்கிருந்து வரும் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நறுக். நறுக். நறுக்.

நின்றது.

மறுபடியும்.

நறுக். நறுக். நறுக்.

பேய் என்று அவன் பயந்தான். அடுத்த நொடியே, ஐயோ, பேயாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினான்.

மழைக்கோட்டின் மடிப்பு லேசாக ஏறி இறங்கும் சரசரப்பு கேட்டது.

"எலிதாம்லே" என்றார் ஹவில்தார், யாரும் கேட்காமலேயே. அவருக்கு ஊரில் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குத் தையில் கல்யாணம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் அப்புறம் எலி என்று சொல்ல முடியாது.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். குனிந்து வாசலைத் தாண்டினார். வெளியே நின்று கூப்பிட்டார்.

"வாலே. போயிருவோம்."

உத்தரவு போட்டே பழகிய மனுஷன் கெஞ்சினார்.

அவனும் எழுந்தான். பூட்ஸுக்குள் கால் சூடாக இருந்தது. விரல்களில் சுருக்கென்று வலி. உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது. இந்தக் காலால் நடக்கலாம். ஓடக்கூட ஓடலாம்.

வாசல் வரைக்கும் போனான்.

வெளியே காலடிகள் நகரத் தொடங்கின.

நறுக். நறுக். நறுக்.

அவன் திரும்பி வந்து, ஆவுடையப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்தான். தன் கால் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

பனியில் போய்க்கொண்டிருந்த காலடிச் சத்தம், நின்றது.